செட்டிநாட்டு மாடித்தோட்டத்துக்குத் துணிப் பையா, பிளாஸ்டிக் தொட்டியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் பகுதியில் அண்மையில் வெளியான மாடித்தோட்டக் கட்டுரை, பிளாஸ்டிக் தொட்டிகளைக் கைவிட்டு எல்லோரும் துணிப் பைகளுக்கு மாறிவிட வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. துணிப் பையில் வேர் நன்றாகக் கிளைக்கும், தண்ணீர் தேங்காது, வெயிலில் மண் அவ்வளவாகச் சூடேறாது என்று அதில் கூறப்பட்ட மூன்று காரணங்களும் உண்மையே. ஆனால் அவை எந்த ஊரில், எந்தப் பருவத்தில், எந்தச் செடிக்குப் பயன்தரும் என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. அதைப் படித்தபின் காரைக்குடியைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் சிலர் நல்ல நிலையில் இருந்த தொட்டிகளைக்கூட ஓரங்கட்டிவிட்டுத் துணிப் பைகள் வாங்கத் தொடங்கியிருப்பதால், இங்கே பல ஆண்டுகளாக மாடியிலும் முற்றத்திலும் செடி வளர்த்துவருபவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டில் சில மாதங்களில் காய்த்து முடியும் காய்கறிகளுக்கும் கீரைகளுக்கும் வெளிர் நிறமுள்ள தடித்த பிளாஸ்டிக் தொட்டியே ஏற்றது. பல ஆண்டுகள் நிற்க வேண்டிய எலுமிச்சை, மாதுளை, கறிவேப்பிலை ஆகியவற்றுக்கும், ஈரம் தங்கினால் அழுகிவிடும் மஞ்சள், இஞ்சிக்கும் துணிப் பை ஏற்றது.

துணிப் பையின் சிறப்பு எதில் இருக்கிறது என்பதை முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியில் வேர் நுனி சுவரைத் தொட்டதும் மேலே போக வழியின்றிச் சுவரை ஒட்டியே வளைந்து சுற்றத் தொடங்குகிறது. துணிப் பையிலோ அந்த நுனி துணியின் நுண்துளைகள் வழியாக வெளிக்காற்றைச் சந்தித்துக் காய்ந்து நின்றுவிடுகிறது, அதற்குப் பின்னால் இருந்து புதிய பக்க வேர்கள் கிளைக்கின்றன. இவ்வாறு மண் முழுவதும் நுண்வேர்கள் பரவுவதால், நான்கைந்து ஆண்டுகள் ஒரே இடத்தில் நிற்கும் செடிக்கு அது பெரிய நன்மை. நாற்றுப் பையில் வேர் சுருண்ட எலுமிச்சைக் கன்று, பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றிய பின்னரும் அந்தச் சுருளை விடாமல், வேரே வேரை நெரித்துச் சோர்ந்துபோவதைப் பலரும் கண்டிருப்பார்கள். ஆனால் ஆடியில் விதைத்து மார்கழிக்குள் பிடுங்கிவிடும் வெண்டைக்கும், முப்பது நாளில் அறுக்கும் சிறுகீரைக்கும் வேர் சுற்றுவதால் சொல்லும்படியான இழப்பு எதுவும் இல்லை. சுற்றிக் கேடு விளைவதற்கு முன்பே அவற்றின் ஆயுள் முடிந்துவிடுகிறது. மேலும், காற்றுப் படும் பக்கத்தில்தான் இந்த வேர்க் கத்தரிப்பு நடக்கும் என்பதால், இடமில்லை என்று பைகளை ஒன்றோடொன்று நெருக்கியும் கைப்பிடிச் சுவரோடு ஒட்டியும் வைப்பவர்களுக்கு, எதற்காக அந்தப் பையை வாங்கினார்களோ அந்தப் பயனே பாதிக்குமேல் கிடைப்பதில்லை.

இனி எங்கள் ஊர்களின் அடிப்படைச் சிக்கலான தண்ணீருக்கு வருகிறேன். வேர் நுனியைக் காய வைக்கும் அதே காற்று, மண்ணின் ஈரத்தையும் பையின் நான்கு புறமிருந்தும் உறிஞ்சி எடுத்துச் செல்கிறது. பிளாஸ்டிக் தொட்டியில் மேற்பரப்பு மட்டுமே காய்கிறது. துணிப் பையின் மண் குளிர்ச்சியாக இருப்பதற்குக் காரணமே இந்த ஆவியாதல்தான். எனவே குளிர்ச்சியை மட்டும் பெற்றுக்கொண்டு தண்ணீர்ச் செலவைத் தவிர்க்க எவராலும் இயலாது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த கடற்கரை ஊர்களிலும், தென்மேற்குப் பருவமழை பெய்யும் மலையோர ஊர்களிலும் இந்தச் செலவு பெரிதாகத் தெரியாது. எங்கள் ஊர்களிலோ மழை மிகுதியாகப் பெய்வது ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். கத்திரி வெயிலைப் பற்றி எல்லோரும் அஞ்சுகிறார்கள். துணிப் பைக்கு அதைவிடக் கடுமையான காலம் ஆனியும் ஆடியும்தான் என்பது என் உறுதியான கருத்து. வெயில் சற்றே தணிந்திருந்தாலும், மேற்கிலிருந்து இடைவிடாமல் வீசும் வறண்ட காற்று மரத்தடுப்பு எதுவும் இல்லாத மொட்டைமாடியில் பைகளின் மீது நேராக மோதுகிறது. காலையில் ஊற்றிய தண்ணீர் பிற்பகலுக்குள் போய்விடுகிறது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன அந்தப் பருவத்தில்தான் மாடியிலும் நாம் விதைக்கிறோம். முளைத்து இரண்டு இலை விட்ட நாற்றுகள் மேல்மண்ணின் ஈரத்தை மட்டுமே நம்பியிருக்கும் நேரத்தில் அந்த ஈரம் காலைக்கும் மாலைக்கும் இடையில் மறைந்துவிடுகிறது. ஆடியில் ஒரே அளவுள்ள இரண்டு கலன்களில், பிளாஸ்டிக் தொட்டிக்கு ஒரு வேளை ஊற்றினால் போதும் என்றால், துணிப் பைக்கு இரண்டு வேளையும் ஊற்ற வேண்டியிருக்கிறது. காரைக்குடியின் குடிநீர் ஆதாரமான சம்பை ஊற்றின் நல்ல தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு, அந்தத் தண்ணீர் எல்லாத் தெருவிலும் எல்லா நாளும் செடிக்கு ஊற்றுமளவுக்குக் கிடைப்பதில்லை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மாடித்தோட்ட மண்கலவையில் எடை குறைவதற்காகத் தென்னை நார்க்கழிவை நாம் தாராளமாகச் சேர்க்கிறோம். நார்க்கழிவு ஈரமாக இருக்கும்வரை தண்ணீரை நன்றாகப் பிடித்துவைக்கும். ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால், ஊற்றும் தண்ணீரை உடனே ஏற்காமல் ஓரங்களுக்குத் தள்ளிவிடும். பிளாஸ்டிக் தொட்டியில் அவ்வாறு ஓரம் போன தண்ணீர் அடியில் சற்று நின்று மேலே ஊறிவரும் வாய்ப்பாவது இருக்கிறது. துணிப் பையில் அது பக்கவாட்டிலேயே ஒழுகித் தளத்துக்கு வந்துவிடுகிறது. பார்ப்பவர் தண்ணீர் வழிவதைக் கண்டு போதும் என்று நிறுத்திவிடுகிறார். உள்ளே வேர்ப்பந்து வறண்டே இருக்கிறது. துணிப் பையைப் பயன்படுத்துகிறவர்கள் முதலில் கொஞ்சம் ஊற்றி, கால் மணி நேரம் விட்டு மறுபடி ஊற்ற வேண்டும். கலவையில் நார்க்கழிவைக் குறைத்து, மக்கிய தொழு உரத்தையும், கிடைத்தால் கண்மாய் வண்டலையும் கூட்ட வேண்டும். மேலே காய்ந்த இலை அல்லது வைக்கோலால் மூடாக்குப் போட வேண்டும். தக்காளியின் அடிப்பாகம் கறுத்துக் குழிவிழுவதைப் பூச்சி என்று எண்ணி மருந்தடிப்பவர்கள் எங்கள் பகுதியில் நிறைய இருக்கிறார்கள். ஈரம் ஒரு நாள் மிகுந்தும் மறுநாள் வறண்டும் போவதால் செடி சுண்ணாம்புச் சத்தைக் காய்வரை கொண்டுசேர்க்க முடியாமல் போவதே பெரும்பாலும் அதற்குக் காரணம். வேகமாகக் காயும் துணிப் பையில் அந்த ஏற்ற இறக்கம் கூடுதலாகவே இருக்கும்.

எங்கள் வீடுகளின் இன்றைய நிலைமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் வயதான இருவர் மட்டுமே இருக்கும் குடும்பங்கள் பல. முன்னோர்களுக்கான படைப்புக்கும் கோயில் காரியத்துக்கும் திருமணத்துக்கும் இரண்டு மூன்று நாள் வீட்டைப் பூட்டிவிட்டுச் செல்வது வழக்கமான ஒன்று. மாடிப்படி ஏறி இரண்டு வேளை தண்ணீர் ஊற்ற முடியாத ஆச்சிமார்களுக்குத் துணிப் பையைப் பரிந்துரைப்பது, சில மாதங்களில் அவர்கள் தோட்டத்தையே கைவிடும்படி செய்துவிடும். பிளாஸ்டிக் வாளியில் மட்டுமே செய்யக்கூடிய ஒரு எளிய ஏற்பாடு இத்தகையவர்களுக்கு மிகவும் உதவும். வடிகால் துளையை அடித்தட்டில் போடாமல், அடியிலிருந்து சுமார் இரண்டு அங்குல உயரத்தில் பக்கவாட்டில் போட்டால், அதற்குக் கீழே சிறிது தண்ணீர் எப்போதும் தங்கி, மண் அதை மெல்ல மேலே உறிஞ்சிக்கொள்ளும். ஓரிரு நாள் ஆளில்லாமல் இருந்தாலும் கத்தரியும் மிளகாயும் வாடாது. ஐப்பசி அடைமழை தொடங்கும்போது அடித்தட்டிலும் துளை போட்டுத் திறந்துவிட வேண்டும். கோடையில் அதைத் தக்கையால் அடைத்துக்கொள்ளலாம். துணிப் பைக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் நிறுத்துவோர், அந்தத் தட்டில் மணலை நிரப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். திறந்த தட்டில் ஒரு வாரம் நிற்கும் தெளிந்த நீர், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பெருகுவதற்குப் போதும்.

பிளாஸ்டிக்கின் குறைகளை நான் மறைக்கவில்லை. அவற்றுள் பெரியது வெப்பம். சித்திரை, வைகாசியில் மேற்கு வெயில் படும் கறுப்புத் தொட்டியின் சுவரோர மண் கைவைக்க முடியாத சூடாகிவிடும். மண்ணின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பெரும்பாலான காய்கறிச் செடிகளின் வேர் வளர்ச்சி தளர்ந்து, மண்ணில் ஈரம் இருந்தும் இலை வாடும். அதனால்தான் வெளிர் நிறம் என்று தொடக்கத்திலேயே குறிப்பிட்டேன். வெள்ளை நிறத் தொட்டியோ, வெளிப்புறம் வெள்ளை பூசிய பழைய பெயிண்ட் வாளியோ சூட்டை வெகுவாகக் குறைக்கும். தொட்டிகளை நெருக்கி வைத்து ஒன்றின் நிழல் மற்றொன்றின் மீது விழும்படி செய்வதும், மேற்கு வரிசைக்கு மட்டும் பழைய சணல் சாக்கைச் சுற்றிக் கட்டுவதும் செலவில்லாத வழிகள். இரண்டாவது குறை அடியில் ஈரம் தேங்குவது. இதற்காகத் தொட்டிக்குள் ஒரு கை உயரத்துக்குக் கூழாங்கல்லும் உடைந்த ஓடும் போடும் பழக்கம் எங்கள் பகுதியில் வேரூன்றியிருக்கிறது. அதனால் வடிகால் மேம்படுவதில்லை. நுண்ணிய மண்ணில் பிடித்துக்கொண்டிருக்கும் நீர், கற்களுக்கு இடையிலுள்ள பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. ஆகவே தேங்கும் ஈரப் படலம் கற்களுக்கு மேலே ஏறி வேர்களுக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. துளையை மறைக்க ஒரே ஓர் ஓட்டுத் துண்டு போதும். தொட்டியை ஆழமானதாகத் தேர்ந்தெடுத்து, கலவையில் ஆற்று மணல் கொஞ்சம் சேர்த்துக்கொள்வதே சரியான தீர்வு.

ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுந்த தெருக்களில் வாழ்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துணிப் பையின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்பது பூஞ்சணம் அல்ல, நீர் ஆவியானபின் தங்கிவிட்ட உப்பு. அது வெளியே தெரிகிறது என்பதால் உள்ளே இல்லை என்று பொருளல்ல. ஓர மண்ணிலும் அது சேர்ந்துகொண்டே போகும். பிளாஸ்டிக் தொட்டியிலும் உப்பு சேரும், ஆனால் மாதம் ஒருமுறை அடித்துளை வழியே ஓடும்வரை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவது அதில் எளிது. முற்றத்துத் தாழ்வாரத்தில் அண்டாவும் கிடாரமும் வைத்து மழைநீர் பிடித்த வீடுகள் எங்களுடையவை. அந்தப் பழக்கத்தைச் செடிகளுக்காகவாவது மீட்டுக்கொண்டால் இந்தச் சிக்கல் பெரிதும் தீரும்.

செட்டிநாட்டுக்கே உரிய மற்றொரு கவலை வீட்டின் தளம். எங்கள் பழைய வீடுகளின் மாடித் தளம் பலவும் கான்கிரீட் அல்ல. தேக்கு உத்தரங்களின் மீது செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் இட்டு, மேலே தட்டோடு பதித்தவை. பன்னிரண்டு அங்குல அகலமும் பன்னிரண்டு அங்குல உயரமும் உள்ள ஒரு வட்டப் பை ஏறத்தாழ 22 லிட்டர் கொள்ளும். செம்மண், தொழு உரம், நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து நனைத்தால் அதன் எடை ஏறத்தாழ 25 கிலோ ஆகிவிடும். இந்த எடை இரண்டு வகைக் கலனுக்கும் பொதுவானது என்றாலும், ஒழுகுதல் பொதுவானதல்ல. துணிப் பை தன் அடிப்பரப்பு முழுவதையும் தளத்தோடு ஒட்டி ஈரமாகவே வைத்திருக்கிறது. துணியைத் துளைத்து இறங்கும் வேர்கள் தட்டோட்டின் இணைப்புகளில் நுழைந்துகொள்ளவும் செய்யும். மேலே ஒரு சிறிய ஈரக் கசிவு, கீழே உத்தரத்தின் தலைப்பில் கரையானாகவும் உளுப்பாகவும் முடியக்கூடும் என்பதை இத்தகைய வீட்டைப் பராமரிப்பவர்கள் அறிவார்கள். அதனால் பழைய தளத்தில் துணிப் பையை நேரடியாக வைக்கவே கூடாது. அடியில் காற்றோடும்படி இரும்பு அல்லது செங்கல் தாங்கியின் மீது, அதுவும் சுவர் தாங்கும் ஓரங்களில்தான் வைக்க வேண்டும். முகப்பில் அழகுக்காக வைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். அங்கே தரையில் பதித்துள்ள ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டும் மணலும் வண்ணமும் கொண்டு கையால் செய்யப்படுவது, ஈரத்தை உறிஞ்சக்கூடியது. துணிப் பையிலிருந்து கசியும் செம்மண் நீரும் உரச் சாறும் அதில் படிந்தால் கறை எளிதில் போகாது.

சுற்றுச்சூழல் என்ற பெயரில் துணிப் பையை உயர்த்திப் பேசுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான துணிப் பைகள் பருத்தியோ சணலோ அல்ல. பாலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக் இழைகளை நெய்யாமல் அழுத்திச் செய்தவை. தொட்டியைப் போலவே அதுவும் பெட்ரோலியத்திலிருந்து வருவதுதான். புறஊதாக் கதிரைத் தாங்கும் பொருள் சேர்க்கப்படாத பை, எங்கள் வெயிலில் விரைவிலேயே நொறுங்கி நூல்நூலாக மண்ணில் உதிர்கிறது; வேரும் மண்ணும் பின்னிக்கொண்ட அந்தப் பையைப் பழைய பொருள் கடைக்காரரும் எடுப்பதில்லை. உடைந்த தொட்டியை அவர் எடுத்துக்கொள்கிறார். 2019 சனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டில் தடை செய்திருப்பதன் நோக்கத்தை மதிக்கிறவர்கள், கையில் ஏற்கெனவே உள்ள தொட்டியையும் பெயிண்ட் வாளியையும் அவை உடையும்வரை பயன்படுத்துவதே முறை. மெய்யாகவே பிளாஸ்டிக் வேண்டாம் என்று கருதுவோருக்கு, இதே சிவகங்கை மாவட்டத்து மானாமதுரை மண்தொட்டிகள் இருக்கின்றன. துணிப் பை செய்யும் குளிர்ச்சியை அந்தச் சுட்ட மண்ணும் செய்கிறது, தண்ணீரையும் அதைப் போலவே கேட்கிறது. எடை மிகுதி என்பதால் அவற்றை மாடிக்குச் சொல்லமாட்டேன், முற்றத்துக்குச் சொல்வேன். முற்றத்தில் காற்று மோதுவதில்லை, நிழலும் பாதி நாள் உண்டு. துணிப் பைக்கும் செட்டிநாட்டு வீட்டில் பொருத்தமான இடம் அதுவே. பொங்கலுக்கு மஞ்சள் கொத்து வேண்டும் என்று வைகாசியில் கிழங்கு நடுபவர்கள், அகன்ற துணிப் பையில் நட்டு முற்றத்தின் ஓரத்தில் வைத்துப் பார்க்கட்டும். அடைமழையிலும் கிழங்கு அழுகாமல் தேறி வரும்.

இந்தக் கடிதத்தின் வழியே இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். தோட்டக்கலைத் துறையினர் மானிய விலையில் வழங்கும் மாடித்தோட்டத் தளைகளில், அதாவது பொருள் தொகுப்புகளில், பையும் நார்க்கழிவுக் கட்டியும் விதையும் உயிர் உரமும் இருக்கின்றன. அவற்றோடு மாவட்டத்துக்கு ஏற்ற குறிப்புத் தாள் ஒன்றையும் சேர்க்க வேண்டும். எங்கள் பகுதிக்கு அதை எழுதித்தரக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையமும், செட்டிநாட்டிலேயே உள்ள மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் தகுதி வாய்ந்தவை. வறட்சியை அன்றாடம் ஆராய்கிறவர்களைவிட இதை அறிந்தவர்கள் யார்? அடுத்து, பை விற்பவர்கள் அது எந்தப் பொருளால் ஆனது, துணி ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை, புறஊதாக் கதிரைத் தாங்குமா என்ற மூன்றையும் பையின் மீதே தமிழில் அச்சிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் எழுத வேண்டும். வாங்குபவர்களும் அதைக் கேட்டுப் பார்த்து வாங்கத் தொடங்கினால், கடைக்காரர்கள் தாமாகவே அச்சிட்டுத் தருவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.